தமிழ்ச் செயலியை ஆட்களின் கையில் கொடுத்துச் சோதிப்பது: கொழும்பில் முதல் தடவை செய்பவருக்கு

“உங்களுக்குத் தமிழ் தெரியும்தானே” என்ற ஒரே தகுதியில் இந்த வேலை என் தலையில் விழுந்தது. மென்பொருள் நிறுவனமொன்றில் பிழை பார்க்கும் பிரிவில் இருந்தேன். டொக்டரைச் சனல் பண்ணும், அதாவது டொக்டரைப் பார்க்க முன்கூட்டியே நம்பர் எடுக்கும் செயலி ஒன்று சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஓடிக்கொண்டிருந்தது. தமிழ்ப் பதிப்பு வெளிவர இருந்தது. அதைத் தமிழ் ஆட்களிடம் கொடுத்து, எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்த்து எழுதித் தர வேண்டும். இரண்டு கிழமை போதும் என்றார்கள், நானும் நம்பினேன். ஏழு கிழமை போனது. அதில் ஆட்களோடு உட்கார்ந்து பார்த்தது மொத்தம் நான்கே நாள். மிச்சமெல்லாம் ஆள் தேடியதிலும், கையெழுத்து வாங்கியதிலும், கணக்குப் பிரிவோடு இழுபட்டதிலும் கரைந்தது.

அந்தக் கிழமைகள் உங்களுக்காவது மிஞ்சட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். வங்கிச் செயலி, அரச சேவைத் தளம், பஸ் ஆசனம் பதிவது என்று எதுவாக இருந்தாலும் வழி ஏறத்தாழ இதுதான்.

1. ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்

“தமிழ்ப் பதிப்பு எப்படி இருக்கிறது என்று பாருங்கள்” என்பது கேள்வியே இல்லை. அதை வைத்துக்கொண்டு வெளிக்கிட்டால், கடைசியில் “நிறம் கொஞ்சம் கடும்” என்பது போன்ற நாற்பது கருத்துகளோடு திரும்பி வருவீர்கள். எனக்கு முதல் சுற்றில் நடந்தது அதுதான். பிறகு மூன்று கேள்விகளாகச் சுருக்கினேன். வேண்டிய டொக்டரைக் கண்டுபிடிக்கிறார்களா? நம்பர் எடுத்து முடிக்கிறார்களா? எடுத்தது உறுதியாகிவிட்டது என்று நம்புகிறார்களா? ஐஎஸ்ஓ 9241-11 என்ற சர்வதேசத் தரநிலையும் மூன்று விஷயங்களைத்தான் பார்க்கச் சொல்கிறது: வேலை முடிந்ததா, எவ்வளவு பாடுபட்டு முடிந்தது, செய்தவருக்குத் திருப்தியா. உங்கள் கேள்விகளை அந்த மூன்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள், ஏதாவது விடுபட்டிருந்தால் தெரிந்துவிடும்.

அந்தப் பக்கத்தில் கேள்விகள், எத்தனை பேர், எந்த நாட்கள், எவ்வளவு பணம், இவற்றோடு இன்னொரு வரியும் கட்டாயம் இருக்க வேண்டும்: கண்டுபிடிப்பதைத் திருத்த யார், எத்தனை நாள். செயலி வெளியாக மூன்று நாள் இருக்கும்போது சோதிக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அது வெறும் சடங்கு.

2. எத்தனை பேர், யார் யார்

“ஐந்து பேர் போதும்” என்று யாராவது சொல்வார்கள். ஜேக்கப் நீல்சன், தோமஸ் லண்டவர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1993இல் போட்ட கணக்கு அது. சராசரியாக ஒருவர் 31 சதவீதப் பிரச்சினைகளை வெளிக்கொண்டுவருவார், ஐந்து பேரோடு ஏறத்தாழ 85 சதவீதம் வந்துவிடும். கணக்குச் சரி. ஆனால் அந்த ஐந்து பேரும் ஒரே மாதிரிப் பயன்படுத்துபவர்களாக இருந்தால்தான் அது பொருந்தும்.

கொழும்பில் தமிழ் பேசுபவர்கள் ஒரே மாதிரியா? வெள்ளவத்தையில் வீடெடுத்திருக்கும் யாழ்ப்பாணத்துக் குடும்பம், கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்தவர், ஹற்றன் பக்கத்திலிருந்து கடை வேலைக்கு வந்த பையன், தெமட்டகொடையில் வீட்டில் தமிழ் பேசி, பள்ளிக்கூடத்தில் சிங்களத்தில் படித்த முஸ்லிம் பெண். கடைசியில் சொன்னவர் தமிழை நன்றாகக் கதைப்பார், வாசிப்பது மெதுவாகத்தான் வரும். ஆங்கில மொழிமூலம் படித்த பிள்ளைகள் பலருக்கும் அப்படியே. இவர்கள் உங்கள் தமிழ்ப் பதிப்பைத் திறப்பார்களா, இல்லையா என்பதே ஒரு கண்டுபிடிப்பு.

நான் சொல்வது, ஒரு சுற்றுக்கு ஆறு பேர், இரண்டு சுற்று. முதல் ஆறு பேரில் கண்டதைத் திருத்திய பிறகு அடுத்த ஆறு பேர். பன்னிரண்டு பேரையும் ஒரே மூச்சில் பார்க்க வேண்டாம். நாலாவது ஆளிலிருந்து ஒரே பிழையைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள், அது வீண் காசு.

அலுவலக நண்பர்களைச் சேர்க்காதீர்கள், அவர்களின் அம்மாமாரையும்தான். எங்கள் முதல் சுற்றில் ஒரு சக ஊழியரின் அம்மா வந்தார். மகன் செய்த செயலியை அவர் எப்படிக் குறை சொல்வார்?

3. ஆட்களைத் தேடிப் பிடிப்பது

இதற்கு முழுதாக ஒரு கிழமை ஒதுக்குங்கள். கூகுள் போம் ஒன்றைச் செய்து வட்ஸ்அப் குழுக்களில் போட்டால் வருபவர்கள் எல்லோரும் போம் நிரப்பத் தெரிந்தவர்கள். நீங்கள் தேடுவது அவர்களை மட்டுமல்லவே. எனக்குப் பயன்பட்டது நேரில் போய்க் கேட்டதுதான். கோயில் சபை, பள்ளிக்கூடப் பழைய மாணவர் சங்கம், ரியூஷன் வகுப்பு வாசலில் பிள்ளைக்காகக் காத்திருக்கும் பெற்றோர், ஐந்துலாம்புச் சந்திப் பக்கத்துக் கடைக்காரர்கள். ஒருவர் மூலம் இரண்டு பேருக்கு மேல் எடுக்காதீர்கள். இல்லாவிட்டால் ஒரே குடும்பத்தின் பழக்கத்தை ஊர்ப் பழக்கம் என்று எழுதிவிடுவீர்கள்.

தெரிவு செய்யும்போது தொலைபேசியில் ஐந்து நிமிடம் கதையுங்கள். “நீங்கள் செயலி பாவிப்பீர்களா?” என்று கேட்டால் எல்லோரும் ஆம் என்பார்கள். “கடைசியாக எப்போது டொக்டரைச் சனல் பண்ணினீங்க? அன்றைக்கு என்ன செய்தீங்க?” என்று கேளுங்கள். பாதிப் பேர் “மகள்தான் போட்டுத் தந்தவ” என்பார்கள். அந்த மகள்தான் உங்களுக்கு வேண்டிய ஆள். சில இடங்களில் இருவரும் சேர்ந்தே வேண்டும்.

தமிழ் வாசிப்பாரா என்று முகத்துக்கு நேரே கேட்டால் சங்கடம். நான் நாளையும் நேரத்தையும் தமிழில் இரண்டு வரியாக வட்ஸ்அப்பில் அனுப்பி, “வர முடியாவிட்டால் வேறு நாள் சொல்லுங்கள்” என்று முடிப்பேன். பதில் வந்த விதத்திலேயே விளங்கிவிடும். ஒருவர் குரல் பதிவில் “என்ன எழுதியிருக்கு மகள்?” என்று கேட்டார்.

நாள் குறிக்கும்போது நாட்காட்டியைப் பக்கத்தில் வையுங்கள். போயா தினத்தில் ஆட்கள் வீட்டில் இருப்பார்கள், ஆனால் உங்கள் அலுவலகம் பூட்டு. வெள்ளி நண்பகலில் முஸ்லிம் ஆண்களுக்கு ஜும்ஆ, வெள்ளி மாலையில் பல இந்து வீடுகளில் கோயில். நோன்பு மாதத்தில் பின்னேரம் வேண்டாம். பிள்ளைகள் உள்ள அம்மாமாருக்கு முற்பகல் ஒன்பதரை முதல் பதினொன்றரை வரைதான் நேரம், அதற்குப் பிறகு சமையலும் பள்ளி விடுகிற நேரமும். ஒக்டோபர், நவம்பரில் பின்னேர மழை பெய்தால் காலி வீதி நகராது. அந்த மாதங்களில் காலையில் வையுங்கள்.

ஆறு பேர் வேண்டுமென்றால் எட்டுப் பேரிடம் சம்மதம் வாங்குங்கள். முதல் நாள் இரவு கோல் எடுத்து நினைவுபடுத்துங்கள். “கட்டாயம் வாறன்” என்று சொன்னவர்தான் வராமல் போவார். இது என் அனுபவம் மட்டும், யாரும் கோபிக்க வேண்டாம்.

4. ஆவணங்கள்: அதிகம் வழுக்கும் இடம்

நான்கு தாள்கள் வேண்டும். தெரிவுக் கேள்விகள், சம்மதப் படிவம், செய்யச் சொல்லும் வேலைகள், பணம் பெற்றதற்கான பற்றுச்சீட்டு. முதலாவதைச் சொல்லிவிட்டேன், மூன்றாவதற்குத் தனித் தலைப்பு வேண்டும்.

சம்மதப் படிவம் ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. எங்கள் சட்டப் பிரிவு முதலில் தந்தது மூன்று பக்க ஆங்கிலம், அதன் தமிழாக்கம் ஐந்து பக்கம். அதைக் கண்டதும் ஓர் ஐயா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, “வீட்டு உறுதி ஏதும் எழுதப் போறீங்களோ?” என்றார். ஒரு பக்கத்தில் எழுத வேண்டியவை இவைதான்: யார் செய்கிறோம், எதற்கு, எவ்வளவு நேரம், எதைப் பதிவு செய்கிறோம், யார் பார்ப்பார்கள், எந்தத் திகதியில் அழிப்போம், இடையில் எழுந்து போகலாம், போனாலும் பணம் உண்டு. இதைக் கொடுத்து வாசிக்க விடாமல், நீங்களே சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். திரையைப் பதிவு செய்வதற்கு ஒரு கூடு, குரலுக்கு ஒரு கூடு, முகத்துக்கு இன்னொரு கூடு என்று தனித்தனியாக அடையாளமிட இடம் வையுங்கள். பல பெண்கள் முகம் வேண்டாம் என்பார்கள், திரையும் குரலும் தாராளமாகப் போதும்.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை உங்கள் நிறுவனத்தில் யாராவது கட்டாயம் வாசித்திருக்க வேண்டும். கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறும் உரிமையை அது தருகிறது. உடல்நலம் பற்றிய தகவலைச் சிறப்பு வகையாகவும் வைக்கிறது. எங்களுடையது டொக்டர் விஷயம் என்பதால், யாரும் தங்கள் சொந்த நோயைச் சொல்லாதபடி கற்பனை நோயாளி ஒருவரின் பெயர், வயது, பிறந்த திகதியைச் சிறு அட்டையில் அச்சடித்துக் கொடுத்தோம். அப்படியும் சொல்லுவார்கள். சொன்னால் குறிப்பில் எழுதாதீர்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே யாரையும் நான் எடுக்கவில்லை.

இனி கணக்குப் பிரிவு. ஆளுக்குக் கொடுக்கும் பணத்துக்குப் பற்றுச்சீட்டில் பெயர், அடையாள அட்டை இலக்கம், முகவரி, கையெழுத்து எல்லாம் வேண்டும் என்று நின்றார்கள். நாங்களோ பதிவுகளில் பெயரே இருக்கக் கூடாது என்று ஆட்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தோம். இரண்டு கிழமை இதில் போனது. முடிவில் வந்த வழி இது. பற்றுச்சீட்டு கணக்குப் பிரிவில் தனியாக இருக்கும். எங்கள் குறிப்புகளில் “ஆள் 1”, “ஆள் 2” மட்டும். இரண்டையும் இணைக்கும் தாள் ஒன்றே ஒன்று, அது பூட்டிய லாச்சியில். இதை முதல் கிழமையிலேயே கணக்காளரோடு பேசி முடியுங்கள். பணத்தை அன்றைக்கே, கையில், கடித உறையில் கொடுக்க முற்பணமும் எடுத்து வையுங்கள். “அடுத்த மாதம் வங்கியில் போடுவோம்” என்றால் அடுத்த சுற்றுக்கு ஆள் கிடைக்காது.

ஒரு சின்னப் பொறி: மொழிபெயர்ப்பாளர் இன்னும் பாமினி எழுத்துருவில் அடித்துத் தரக்கூடும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பைதான் தெரியும். யூனிகோடில் கேளுங்கள், கொமியூனிகேஷன் கடைக்கு அச்சடிக்கப் போகும்போது பிடிஎஃப் ஆகக் கொண்டுபோங்கள்.

5. செய்யச் சொல்லும் வேலைகளை எழுதுவது

நேரம் அதிகம் செலவழிக்க வேண்டியது இங்கேதான்.

செயலியில் உள்ள சொல்லை உங்கள் வாயால் சொல்லாதீர்கள். “‘நியமனம் செய்’ என்பதை அழுத்தி ஒரு நியமனம் எடுங்கள்” என்று நான் முதலில் எழுதியிருந்தேன். எல்லோரும் எழுத்தை எழுத்தோடு பொருத்தி அழுத்தினார்கள். பிரச்சினையே இல்லை என்று எழுதவும் தயாராகிவிட்டேன். பிறகு தாளை மாற்றினேன்: “உங்கட அம்மாவுக்கு முழங்கால் நோ. இந்தச் சனிக்கிழமை பின்னேரம் யாராவது எலும்பு டொக்டரிட்ட காட்ட வேணும். இதில் பாருங்கோ.” அவ்வளவுதான். ஒரு பெண் முகப்புத் திரையில் மேலும் கீழுமாகப் போய்க்கொண்டே இருந்தார். “நியமனம்” கண்ணுக்கு முன்னால் பெரிய பொத்தானாக இருந்தது. கேட்டதற்கு, “அது டொக்டர்மாருக்கு வேலை கொடுக்கிற இடம் எண்டு நினைச்சன்” என்றார். நியாயம்தானே. ஆசிரியர் நியமனம், பட்டதாரி நியமனம் என்றுதான் அந்தச் சொல் நம் காதில் விழுகிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘அப்பொயின்ட்மென்ட்’ என்று ஒரே சொல், அகராதியைப் பார்த்து யாரோ போட்டுவிட்டார்கள். ஆட்கள் சொல்வது “நம்பர் எடுக்கிறது”. பொத்தானில் “நம்பர் எடுக்க” என்று வைத்தோம், இரண்டாம் சுற்றில் ஆறு பேரில் ஒருவர்கூட அங்கே நிற்கவில்லை.

“எலும்பு டொக்டர்” என்று தேடினாலும் எதுவும் வரவில்லை. பட்டியலில் இருந்தது “என்பு முறிவு சத்திரசிகிச்சை நிபுணர்”. டொக்டரின் பெயரைத் தமிழில் அடித்தாலும் வராது, பெயர்கள் ஆங்கிலத்தில் மட்டும் சேமிக்கப்பட்டிருந்தன. ஆங்கிலத்தில் அடித்தால் அதே பெயரை மூன்று விதமாக எழுதுகிறார்கள். இவையெல்லாம் வேலைத் தாளை வீட்டுப் பேச்சில் எழுதிய பிறகுதான் வெளியே வந்தன.

ஒருவருக்கு நான்கு வேலை போதும். முதலாவது இலேசாக இருக்கட்டும். கடைசி வேலை எடுத்ததை ரத்துச் செய்வது, அதை எல்லோரும் மறப்பார்கள். எழுதி முடித்ததும் ஒருவரிடம் ஒத்திகை பாருங்கள். எங்கள் ஒத்திகையில் செயலி சோதனைச் சேர்வரோடு இணைக்கப்படாமல் இருந்ததால் உண்மையாகவே ஒரு நம்பர் பதிவாகிவிட்டது. வைத்தியசாலைக்குக் கோல் எடுத்து ரத்துச் செய்ய வேண்டி வந்தது. யாருடைய சொந்த வங்கி அட்டையையும் பாவிக்க விடாதீர்கள்.

6. இடமும் தொலைபேசியும்

அலுவலகத்துக்கு வரவழைப்பது உங்களுக்கு வசதி, அவர்களுக்குப் பயம். கண்ணாடிக் கதவு, பாதுகாப்பு ஊழியர், குளிரூட்டி. முடிந்தவரை அவர்கள் வீட்டுக்கோ கடைக்கோ போங்கள். சத்தம் இருக்கும், தொலைக்காட்சி ஓடும், பரவாயில்லை, செயலியும் அங்கேதான் பாவிக்கப்படப் போகிறது.

அவர்களின் சொந்தத் தொலைபேசியில் பாருங்கள். எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பார்கள், அப்போது “உறுதிப்படுத்து” என்ற பொத்தான் “உறுதி…” என்று நின்றுவிடும். தமிழ்ச் சொல் ஆங்கிலச் சொல்லைவிட நீளம் என்பதை வடிவமைப்பவர் மறந்திருப்பார். வெயிலில் மங்கலாகத் தெரியும் சாம்பல் எழுத்தையும் கவனியுங்கள். இணைய அணுகல்தன்மை வழிகாட்டுதல்களின்படி சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1 என்ற நிற வேறுபாடு வேண்டும். தொலைபேசியிலேயே இருக்கும் திரைப் பதிவு வசதி போதும், தனிக் கருவி தேவையில்லை. பதிவை உங்கள் கணினிக்கு மாற்றியதும் அவர்களின் தொலைபேசியிலிருந்து அழித்துக் காட்டிவிட்டு வாருங்கள். டேட்டாவுக்கு ரீலோட் போட்டுக் கொடுக்க மறக்க வேண்டாம்.

7. பக்கத்தில் இருக்கும்போது வாயை மூடுங்கள்

தேத்தண்ணி வரும், குடியுங்கள். பத்து நிமிடம் ஊர்க்கதை கதையுங்கள். பிறகு இதைச் சொல்லுங்கள்: “இதை நான் செய்யவில்லை. சோதனை உங்களுக்கில்லை, இந்தச் செயலிக்குத்தான். மனதில் ஓடுவதைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள்.” நான் செய்யவில்லை என்பது முக்கியம். உங்களுடையது என்று நினைத்தால் ஒருவரும் குறை சொல்ல மாட்டார்கள். வீட்டுக்கு வந்த பிள்ளையின் மனம் நோகக் கூடாதே.

“நல்லா இருக்கு” என்பதை எழுதிக்கொள்ளவே வேண்டாம். கொட்டாஞ்சேனையில் ஓர் அன்ரி பதினொரு நிமிடம் தடுமாறி, இரண்டு தரம் வெளியே வந்து, கடைசிவரை நம்பர் எடுக்காமலே “நல்ல லேசா இருக்கு மகள்” என்றார். கை என்ன செய்தது என்பதை மட்டும் எழுதுங்கள்.

அவர் நின்றால் நீங்களும் நில்லுங்கள். மனதுக்குள் இருபது எண்ணுங்கள். “இப்ப என்ன நினைக்கிறீங்க?” என்பதைத் தவிர வேறெதுவும் கேட்க வேண்டாம். “இதை அழுத்த வேணுமோ?” என்று அவர் கேட்டால், “நான் பக்கத்தில் இல்லையென்றால் என்ன செய்வீங்க?” என்று திருப்பிக் கேளுங்கள். இரண்டாவது தடவையும் ஒரே இடத்தில் சிக்கி முகம் சுருங்கினால் அடுத்த வேலைக்குப் போய்விடுங்கள். பேரப்பிள்ளை ஓடிவந்து “இங்க தாங்கோ அம்மம்மா” என்று பறித்துச் செய்யும், அதையும் தடுக்காமல் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் அப்படித்தான் நடக்கப் போகிறது.

முடிவில் பத்துக் கேள்வி மதிப்பெண் தாள் கொடுக்கச் சொல்வார்கள். ஜோன் புரூக் 1986இல் உருவாக்கிய சிஸ்டம் யூசபிலிட்டி ஸ்கேல் அது. அதில் ஒன்றுவிட்டொரு வாக்கியம் எதிர்மறையாக இருக்கும். எங்கள் ஆட்கள் பத்துக்கும் “முற்றாக உடன்படுகிறேன்” போட்டுத் தந்தார்கள். “இலகு” என்பதற்கும் உடன்பாடு, “தேவையில்லாமல் சிக்கல்” என்பதற்கும் உடன்பாடு. ஆறு பேரின் மதிப்பெண்ணை வைத்து எதுவும் சொல்லவும் முடியாது. நான் விட்டுவிட்டேன்.

8. செலவும் காலமும்

பன்னிரண்டு பேருக்கு எனக்கு முடிந்த கணக்கு இது. ஆளுக்கு 2,500 ரூபாய்ப்படி 30,000. முச்சக்கர வண்டிக்கு 9,000. குறிப்பெடுக்க வந்த பல்கலைக்கழக மாணவிக்கு நான்கு நாளுக்கு 12,000. வீடுகளுக்குக் கொண்டுபோன பிஸ்கட், கேக், பழத்துக்கு 4,500 (வெறுங்கையோடு எப்படிப் போவது?). ரீலோட் 2,400. அச்சு, போட்டோ கொப்பி 1,500. மொத்தம் 59,400. நீங்கள் செய்யும் நேரத்து விலைக்கு ஏற்ப மாற்றி, பத்து வீதம் மேலதிகமாகக் கேளுங்கள். குறிப்பெடுப்பவர் செலவை வெட்டச் சொல்வார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள். கேட்பதும் எழுதுவதும் ஒருவரால் முடியாது.

காலம் என்றால் திட்டமும் ஆவணமும் ஒரு கிழமை, ஆள் தேட ஒரு கிழமை, முதல் சுற்று இரண்டு நாள், திருத்த ஒரு கிழமை, இரண்டாம் சுற்று இரண்டு நாள், எழுத மூன்று நாள். ஐந்து கிழமை கேளுங்கள். ஒரு நாளைக்கு மூன்று பேருக்கு மேல் வேண்டாம். ஆளுக்கு ஒரு மணித்தியாலம்தான், ஆனால் வெள்ளவத்தையிலிருந்து மட்டக்குளிக்குப் போவது இன்னொரு மணித்தியாலம்.

9. கண்டதைச் சொல்வது

அன்றிரவே எழுதுங்கள், மறுநாள் மூன்று பேரும் ஒருவராகக் கலந்துவிடுவார்கள். நீண்ட அறிக்கையை யாரும் வாசிக்க மாட்டார்கள். ஒவ்வொரு பிரச்சினைக்கும் எங்கே, எத்தனை பேர், என்ன நடந்தது, 0 (பிரச்சினையே இல்லை) முதல் 4 (மிகக் கடுமை) வரை எவ்வளவு கடுமை என்று ஒரு வரி. கடுமையான ஐந்துக்கு மட்டும் நாற்பது விநாடி வீடியோத் துண்டு. எங்கள் டிவலப்பர்களில் முக்கால்வாசிப் பேர் சிங்களவர், ஆகவே சிங்களத்தில் உபதலைப்புப் போட்டேன். அந்த அன்ரியின் பதினொரு நிமிடத்தில் நாற்பது விநாடியைப் பார்த்ததும் அறை அமைதியாகிவிட்டது. அதற்கு முன் மூன்று கூட்டங்களில் நான் வாயால் சொன்னது ஒருவருக்கும் ஏறவில்லை.

எந்தச் செயலியிலும் முதலில் பார்க்க வேண்டிய மூன்று இடங்களைச் சொல்லிவிடுகிறேன். “கடைசிப் பெயர்” என்று கட்டாயக் கட்டம் இருந்தால் நம் ஆட்கள் நிற்பார்கள். தகப்பன் பெயரைப் போடுவதா, கணவன் பெயரையா? “முதலெழுத்துகளுடன் பெயர்” என்று ஒரே கட்டம் போதும். அடையாள அட்டைக் கட்டம் 12 இலக்கத்தை மட்டும் ஏற்றால், பழைய அட்டையில் 9 இலக்கமும் வி எழுத்தும் உள்ளவர்கள் வெளியே. தொலைபேசிக் கட்டத்தில் +94 முன்கூட்டியே நின்றால், 07 என்று தொடங்கி அடிப்பவரிடம் பூச்சியத்தை எடுக்கச் சொல்லாமல், நிரலே அதை நீக்கிக்கொள்ள வேண்டும்.

கடைசி வேலை: படிவத்தில் எழுதிய திகதியில் பதிவுகளை அழித்துவிட்டு, பங்குபற்றிய எல்லோருக்கும் அதைச் சொல்லி ஒரு செய்தி அனுப்புவது. நான் பன்னிரண்டு பேருக்கு அனுப்பினேன். ஆறு பேர் கட்டை விரலைப் போட்டார்கள். கொட்டாஞ்சேனை அன்ரியிடமிருந்து குரல் பதிவு வந்தது. “சரி மகள், சந்தோஷம். வாற சனிக்கிழமைக்கு எனக்கு ஒரு கண் டொக்டரிட்ட நம்பர் ஒண்டு எடுத்துத் தாங்கோவன்.”